அடைக்கலம் தந்த இரேனியுஸ் ஐயர்

ஊரை விட்டு வந்தவர்க்கே வீட்டின் அருமை நன்கு விளங்கும். பிழைப்பை நாடிப் பிறபுலம் புகுந்த நம் முன்னோர், மொழி தெரியாத தெருக்களில் ஒண்டுக் குடித்தனம் இருந்து பட்ட பாட்டை நாம் கேட்டு அறிந்துள்ளோம். வீட்டுக்காரர் முகம் சற்றே வாடினால் மூட்டை கட்ட வேண்டுமே என்ற அச்சம் அவர்களை விட்டு அகன்றதில்லை. இன்று நமக்கென ஒரு குடியிருப்பும், அதனுள் ஒரு சங்கமும், அச்சங்கத்திற்கு ஓர் ஆண்டு விழாவும் வாய்த்துள்ளன. இம்மகிழ்ச்சியின் நடுவே, நிற்க நிலம் இன்றித் தவித்த ஏழைக் குடும்பங்கட்கு நிலம் வாங்கி, வீடு எழுப்பி, ஊர் அமைத்துத் தந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை நினைத்துப் பார்ப்பது தகும். அவர் பிறப்பால் தமிழர் அல்லர். சமயத்தால் நம்முள் பலர்க்கு அயலவர். ஆயினும் தமிழ் மண்ணின் எளிய குடிகட்காக வாழ்ந்து, அம்மண்ணிலேயே உறங்குபவர். அவரே நெல்லை நாட்டார் இரேனியுஸ் ஐயர் என அன்புடன் அழைத்த ஜெர்மானியத் தொண்டர்.

பிறப்பும் பயணமும்

கார்ல் தியோபிலஸ் எவால்ட் இரேனியுஸ் 1790 ஆம் ஆண்டு நவம்பர் 5 ஆம் நாள், அந்நாளில் பிரஷிய அரசுக்கு உட்பட்டிருந்த கிராவ்டென்ஸ் என்னும் கோட்டை நகரில் பிறந்தார். அந்நகர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் பிரஷியப் படையில் அலுவல் பார்த்தவர். இளமையிலேயே அவரை இழந்த இரேனியுஸ், வளர்ந்த பின் உறவினர் ஒருவரின் பண்ணையில் சில காலம் இருந்தார். அங்கேதான் அவர் உள்ளம் இறைப்பணியை நாடியது. நிலத்தையும் அதை நம்பி வாழும் மனிதரையும் அணுகிப் பார்த்த அப்பண்ணை வாழ்வு, பின்னாளில் அவருக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதை நாம் காணப் போகிறோம்.

பெர்லின் நகரில் யெனிக்கே என்னும் போதகர் நடத்திய கல்விச்சாலையில் பயின்று, 1812 இல் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். பின் இங்கிலாந்து சென்று, சி.எம்.எஸ். எனப்படும் சர்ச் மிஷன் சங்கத்தாரின் தொண்டராக இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். 1814 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னைக் கரையில் இறங்கியபோது அவருக்கு வயது 23. சிறிது காலம் தரங்கம்பாடியில் தங்கித் தமிழின் அரிச்சுவடியைத் தொடங்கினார். அதன்பின் சென்னையில் சில ஆண்டுகள் பணி புரிந்தார்.

லுத்தரன் மரபில் குருவானவர் ஒருவர், ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த சங்கத்தின் ஊதியத்தில் பணி செய்தார் என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்வோம். அவருடைய வாழ்வின் இறுதியில் எழுந்த புயலுக்கு இதுவே வித்து.

நெல்லைச் சீமை

அந்நாளில் பாளையங்கோட்டையில் இருந்த ஆங்கிலப் படைக்கு ஜேம்ஸ் ஹக் என்பவர் குருவாக இருந்தார். படைவீரர்க்கு வழிபாடு நடத்துவதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. சுற்றுப்புறத்துச் சிறுவர்க்குப் பள்ளிகளைத் தொடங்கினார். அவற்றைப் பேணி வளர்க்க ஒருவர் வேண்டும் எனச் சங்கத்தாருக்கு எழுதினார். அவ்வழைப்பின்படி இரேனியுஸ் 1820 ஆம் ஆண்டு ஜூலை 7 ஆம் நாள் பாளையங்கோட்டை வந்து சேர்ந்தார். சில மாதங்களில் பெர்னார்டு ஷ்மிட் என்னும் ஜெர்மானியரும் அவருடன் சேர்ந்தார்.

நெல்லைச் சீமையின் ஒரு முகத்தைத்தான் வெளியுலகம் அறியும். பொருநை பாயும் வயல்களும், வாழைத் தோட்டங்களும், நெல்லையப்பர் திருக்கோயிலும் அம்முகம். தெற்கிலும் கிழக்கிலும் செல்லச் செல்ல மற்றொரு முகம் தோன்றும். செம்மணல் தேரிகள் மேடும் பள்ளமுமாய்க் கடற்கரை வரை பரந்து கிடக்கும். காற்று வீசினால் நேற்று இருந்த மணல்மேடு இன்று இடம் மாறியிருக்கும். ஆங்கே மனிதர்க்கு உற்ற துணை பனை ஒன்றே. விடியலுக்கு முன் எழுந்து பனையேறிப் பதநீர் இறக்கி, அதைப் பெண்டிர் காய்ச்சிக் கருப்புக்கட்டி ஆக்க, அதை விற்று நாளைக் கழித்தன ஆயிரக்கணக்கான குடும்பங்கள்.

இவர்களுள் சிலர் இரேனியுஸ் வருவதற்கு முன்பே கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியிருந்தனர். அதனால் சினம் கொண்டோர் அவர்களுடைய குடிசைகளையும் செபவீட்டையும் அழித்தனர். அவ்வேளையில் சுந்தரானந்தம் தாவீது என்னும் தமிழ்த் தொண்டர், அவர்கள் அஞ்சாமல் வாழத் தனியே ஓர் இடம் வேண்டும் எனக் கருதினார். அவர் முயற்சியால் 1799 இல் தேரிக்காட்டில் எழுந்த ஊரே முதலூர். முதலாவதாகத் தோன்றிய அடைக்கல ஊர் ஆதலின் அப்பெயர் பெற்றது. சாயர்புரத்திற்கும் ஏறத்தாழ இத்தகைய வரலாறு உண்டு. ஆகவே அடைக்கல ஊர் என்னும் எண்ணத்தை இரேனியுஸ் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஏழைத் தமிழர் தம் துன்பத்திலிருந்து கண்ட வழி அது. அவ்வழியைப் பற்றி நின்று, அதற்கு ஓர் ஒழுங்கும் ஓர் அமைப்பும் தந்ததே அவர் பெருமை.

குடிசையும் அடிமனையும்

பனங்காட்டு ஏழைக்குக் குடிசை கட்டுவது பெருஞ்செலவான செயல் அன்று. சுவருக்கு மண் காலடியில் கிடந்தது. விட்டத்திற்குப் பனைமரம், கூரைக்குப் பனையோலை, கட்டுவதற்குப் பனைநார். உழைப்புக்குக் கணவனும் மனைவியும் சுற்றத்தாரும் இருந்தனர். சில நாள்களில் குடிசை எழுந்துவிடும். ஆயினும் அது நின்ற மண் அவனுடையது அன்று. ஏறிய பனையும் பல வேளைகளில் அவனுடையது அன்று. நிலத்துக்கு உரியவர் வெளியேறு என்று சொல்லிவிட்டால், மறுசொல் இன்றி அவன் புறப்பட வேண்டும். குடிசையைத் தோளில் சுமந்து செல்ல இயலுமோ? ஓலைக் கூரைக்கு ஒரு தீப்பொறி போதுமே!

ஆகவே அந்த ஏழைக்கு இல்லாதது கூரை அன்று, அடிமனையே ஆகும். இதை இரேனியுஸ் தெளிவாக உணர்ந்தார். ஊர் ஊராக நடந்தும் குதிரையேறியும் சென்று, திண்ணையிலும் மரத்தடியிலும் அமர்ந்து மக்களின் முறையீடுகளைக் கேட்டார். வழிபாட்டைப் பற்றிப் பேச வந்தவரிடம் மக்கள் வரியைப் பற்றியும், கூலியில்லா ஊழியத்தைப் பற்றியும், இடிக்கப்பட்ட சுவரைப் பற்றியுமே மிகுதியாகப் பேசினர். அவற்றை அவர் இடையூறாகக் கருதவில்லை. நிலையான இருப்பிடம் இல்லாதவனுக்கு நிலையான கல்வியும் இல்லை, நிலையான வழிபாடும் இல்லை என்பதை அவர் கண்டுகொண்டார்.

இந்நிலையில் 1827 இல் ஓர் உதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அவருடைய தாய்நாடான பிரஷியாவில் ஷ்லோடியன் என்னும் இடத்துப் பிரபுவாகிய டோனா என்பவர் பொருள் அனுப்பினார். அதைக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், களக்காட்டை அடுத்து, புலியூர்க்குறிச்சி என வழங்கிய இடத்தை இரேனியுஸ் வாங்கினார். அங்கே குடும்பங்கள் குடியமர்ந்தன. உதவியவர் பெயரால் அவ்வூர் டோனாவூர் ஆயிற்று. தாம் ஒருபோதும் காணாத ஊருக்குத் தம் பெயரை விட்டுச் சென்றார் அப்பிரபு. அதே டோனாவூரில்தான் 1901 இல் ஏமி கார்மைக்கேல் அம்மையார் வந்து தங்கி, ஆதரவற்ற குழந்தைகட்கு இல்லம் அமைத்து, 1951 இல் மறையும்வரை அவர்கட்குத் தாயாக விளங்கினார். அடைக்கலத்திற்கென வாங்கிய மண் மீண்டும் அடைக்கலத்திற்கே பயன்பட்டது.

தரும சங்கம்

பிரபுக்கள் நாள்தோறும் பொருள் அனுப்பமாட்டார்கள் அல்லவா? அயல்நாட்டுக் கொடையை நம்பி நிற்கும் வீடு, மற்றொருவர் மண்ணில் நிற்கும் குடிசையைப் போன்றதே. இதை எண்ணிப் போலும், 1830 இல் இரேனியுஸ் தரும சங்கம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். இருப்பிடம் இழந்தவர்க்கும் ஒடுக்கப்பட்டவர்க்கும் மனை வாங்குவதும், ஊர் அமைப்பதும், அவ்வூரில் பள்ளிக்கும் வழிபாட்டுக்கும் இடம் ஒதுக்குவதுமே அதன் நோக்கம். உள்ளூர்த் தமிழரே அதற்குப் பொருள் ஈந்தனர். உபதேசியார்களும், பள்ளி ஆசிரியர்களும், பனையேறும் குடியானவரும் தத்தம் வருவாயில் ஒரு சிறு பங்கைத் தந்தனர். நேற்று ஊர் இழந்தவன் இன்று ஊர் பெற்று, நாளை ஊர் இழப்பவனுக்காகப் பணம் கொடுத்தான். இதனினும் சிறந்த அறம் யாதுளது?

வாங்கிய நிலம் சங்கத்தின் பொறுப்பில் இருந்தமையால், தனியொருவர் சினத்துக்கு அஞ்சி எவரும் வெளியேற வேண்டியதில்லை. வீடுகள் சிறியவைதாம். பழைய குடிசைக்கும் புதிய குடிசைக்கும் மண்ணிலோ ஓலையிலோ பெரிய வேறுபாடு இருந்திராது. ஆனால் புதிய குடிசையில் உறங்கியவன் அச்சமின்றி உறங்கினான். ஊர் நடுவே ஓலைக் கூரையுடன் ஒரு கூடம் எழுந்தது. காலையில் அது பள்ளிக்கூடம். மாலையில் அது செபவீடு. பனையேறியின் மகன் மணலில் விரலால் எழுத்து எழுதினான். பெண் குழந்தைகளும் எழுத்தறிய வேண்டும் என்பதில் இரேனியுஸ் உறுதியாக இருந்தார். ஆன் வான் சோமரன் என்னும் டச்சுக் குடும்பத்துப் பெண்மணி அவர் மனைவியாக வாய்த்து, அப்பணிகளில் துணை நின்றார்.

அக்காலத்திலும் அதன் பின்னும் தோன்றிய ஊர்ப்பெயர்களைக் கேட்டாலே அம்மக்கள் வேண்டியது யாது என்பது புலப்படும். ஆசீர்வாதபுரம், சுவிசேஷபுரம், மெய்ஞ்ஞானபுரம் என அவை வழங்கும். நெடுவிளை என்னும் மணற்காட்டு இடமே மெய்ஞ்ஞானபுரம் ஆயிற்று. 1835 அளவில் இரேனியுஸின் பொறுப்பில் 200க்கும் மேற்பட்ட ஊர்களில் 10,000க்கும் மேற்பட்ட மக்கள் இருந்தனர். பதினைந்தே ஆண்டுகளில் நிகழ்ந்த வளர்ச்சி இது.

வீடு கிடைக்கும் என்பதற்காகவே ஏழைகள் சமயம் மாறினர் என அன்றே குறை கூறியவர் உண்டு. சுற்றத்தாரிடமிருந்து மக்களைப் பிரித்துத் தனி ஊரில் வைப்பது தகுமோ என இன்றும் வினவுவோர் உண்டு. இவ்வினாக்களை நாம் புறக்கணிக்க வேண்டியதில்லை. அடைக்கலம் தேடி வருவோர் உள்ளத்தில் பல நோக்கங்கள் கலந்திருக்கும் என்பதை இரேனியுஸும் அறியாதவர் அல்லர். ஆனால் கூரை எரிந்து நடுத்தெருவில் நிற்பவனுக்கு அன்றிரவே ஓர் இடம் வேண்டும் என்பதும் உண்மை. அவ்விடத்தை அந்நாளில் அவனுக்கு வேறு யார் கொடுத்தார் என்னும் வினாவையும் நாம் கேட்டே ஆக வேண்டும்.

தமிழ்த் தொண்டு

இத்துணைப் பணிகளுக்கிடையே இரேனியுஸ் தமிழை மறந்தாரில்லை. திருப்பாற்கடல்நாதன் கவிராயர் என்னும் புலவரிடம் பாடம் கேட்டுத் தமிழ் இலக்கணத்தில் தேர்ந்தார். புதிய ஏற்பாட்டை எளிய தமிழில் பெயர்த்தார். ஆங்கிலம் அறிந்தோர் தமிழ் பயிலும் பொருட்டு 1830களில் அவர் வெளியிட்ட இலக்கணம் பல்லாண்டு பயன்பட்டது. 1832 இல் வெளிவந்த பூமி சாஸ்திரம் என்னும் நூல், உலக நாடுகளின் இயல்பைத் தமிழ் உரைநடையில் எடுத்துரைத்த முன்னோடி நூல். தேரிக்காட்டுச் சிறுவன் ஒருவன் ஓலைக் கூரையின் கீழ் அமர்ந்து, கடல்கட்கும் கண்டங்கட்கும் தமிழில் பெயர் கேட்டது அவரால்தான். புலவர்க்கு மட்டும் விளங்கும் நடையை விடுத்து, பொதுமக்கள் கேட்டு உணரும் நடையையே அவர் விரும்பினார்.

மாணவர் சாதி வேறுபாடின்றி ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்னும் கொள்கையிலும் அவர் தளரவில்லை. அதனால் அவர் விடுதியை விட்டு நீங்கியவர் உண்டு. ஆயினும் அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

தாமே வீடிழந்தார்

பிறர்க்கு வீடு தந்தவர் தம் வீட்டை இழக்க நேர்ந்தது காலத்தின் கோலம் எனலாம். தம்முடன் உழைத்த தமிழ் உபதேசியார்களுள் தக்கவர்க்குக் குருப்பட்டம் அளித்து ஊர்ப்பொறுப்பை ஒப்படைக்க இரேனியுஸ் விரும்பினார். தாம் பட்டம் பெற்ற லுத்தரன் முறையிலேயே அதைச் செய்யலாம் என்பது அவர் கருத்து. ஆங்கிலத் திருச்சபையின் பேராயரே பட்டம் அளிக்க வேண்டும் என்பது சங்கத்தாரின் கருத்து. இக்கருத்து வேறுபாடு முற்றிய வேளையில், ஆங்கிலத் திருச்சபையின் முறைகளைப் பற்றிய நூல் ஒன்றுக்கு மதிப்புரை எழுதி, அம்முறைகளில் தாம் குறையெனக் கண்டவற்றை இரேனியுஸ் வெளிப்படையாக அச்சிட்டார். சங்கத்தார் அதைப் பொறுக்கவில்லை. 1835 இல் அவரைப் பணியினின்றும் நீக்கினர்.

பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்த பாளையங்கோட்டையை விட்டு, மனைவி மக்களுடன் அவர் ஆர்க்காட்டுக்குப் புறப்பட்டார். 1826 இல் தாம் எழுப்பிய கோயிலையும், அதைச் சூழ்ந்த வளாகத்தையும், தாம் தொடங்கிய பள்ளிகளையும் விட்டுச் சென்றார். அவற்றில் ஓர் அடி நிலமும் அவருடைய சொந்தம் அன்று. மண் பிறருடையது ஆயின் வீடு நிலையாது என்பதைப் பனையேறிகளிடம் கண்டறிந்தவர், இப்போது தம் வாழ்விலும் கண்டார்.

ஆனால் அவர் ஊர் அமைத்துக் கொடுத்த மக்கள் அவரை மறக்கவில்லை. உபதேசியார் பலர் ஒன்று கூடி, திரும்பி வருமாறு அவரை அழைத்தனர். அவ்வாண்டிலேயே அவர் நெல்லைக்கு மீண்டார். சங்கத்தின் ஊதியமோ துணையோ இன்றி, தம்மைப் பின்பற்றிய ஊர்களில் பணியைத் தொடர்ந்தார். இதனால் ஊர்கள் இரு பக்கமாகப் பிரிந்தன. நேற்று ஒன்றாக இருந்த குடும்பங்கள் மாறுபட்டு நின்றன. அவர் திரும்பாமல் இருந்திருந்தால் இப்பிளவு நேர்ந்திராது என்பாரும் உளர். அழைத்தவர் குரலைக் கேட்டும் வாராதிருத்தல் அவர் இயல்புக்கு ஒவ்வாது என்பாரும் உளர். இருசாரார் கூற்றிலும் உண்மை உண்டு என்றே நாம் கருதுகிறோம். பெரியோர் வாழ்விலும் துன்பம் தராத முடிவு என ஒன்று வாய்ப்பது அரிது.

அடைக்கலாபுரம்

மீண்டு வந்த பின் மூன்றாண்டுகளும் நிரம்பவில்லை. ஓயா உழைப்பால் தளர்ந்த உடல் 1838 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆம் நாள் ஓய்ந்தது. அப்போது அவருக்கு வயது 47. பின்னாளில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இயற்றிப் புகழ் பெற்ற கால்டுவெல், அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் சென்னைக்கு வந்திருந்தார். ஒரு தொண்டர் மறையும் ஆண்டில் மற்றொரு தொண்டர் தமிழகம் புகுந்தார். அவர் மறைந்தபின் பிரிந்து நின்ற ஊர்களும் காலப்போக்கில் ஒன்றாயின.

பாளையங்கோட்டையை அடுத்த அடைக்கலாபுரம் என்னும் இடத்தில் இரேனியுஸ் துயில்கிறார். அடைக்கலம் என்னும் சொல்லே ஊர்ப்பெயராய் அமைந்த மண்ணில், பலர்க்கு அடைக்கலம் தந்தவர்க்கு இடம் கிடைத்தது. அவர் எழுதிய நூல்களுள் சில இன்று நூலகங்களில் மட்டும் காணப்படுகின்றன. ஆனால் அவர் காலத்து ஊர்கள் இன்றும் வாழ்கின்றன. ஓலைக் கூரைகள் ஓடுகளாகவும், ஓடுகள் மாடிகளாகவும் மாறியுள்ளன. அவ்வூர்களில் எழுத்தறிந்தவரின் வழிவந்தோர் ஆசிரியராகவும், மருத்துவராகவும், அலுவலராகவும் இந்தியாவின் பல நகரங்களில் பரவியுள்ளனர். நம் குடியிருப்பிலும் அத்தகைய குடும்பங்கள் இருக்கக்கூடும்.

இரேனியுஸின் வாழ்வு நமக்கு ஒன்றைத் தெளிவாக உணர்த்துகிறது. வீடு என்பது சுவரும் கூரையும் மட்டும் அன்று. அதனின்றும் எவரும் தன்னை வெளியேற்ற முடியாது என்னும் உறுதியே வீடு. அவ்வுறுதியை ஏழை ஒருவன் தனித்து நின்று பெறுதல் அரிது. பலர் கூடினால் பெறலாம். அதன் பொருட்டே 1830 இல் ஒரு தரும சங்கம் எழுந்தது. நாமும் ஒரு சங்கம் அமைத்துள்ளோம். ஆண்டுதோறும் விழா எடுத்து, பாடியும் ஆடியும் விருந்துண்டும் மகிழ்கிறோம், அது நன்றே. அதனுடன், நேற்று இந்நகருக்கு வந்து இன்று தங்க இடம் தேடி அலையும் ஒரு குடும்பத்திற்கு நம் சங்கம் வாயிற்கதவைத் திறக்குமாயின், நம் வீடுகளைக் கட்டுகின்ற கொத்தனும் சித்தாளும் எந்தக் கூரையின் கீழ் உறங்குகின்றனர் என்று நாம் ஒரு நாளேனும் கேட்போமாயின், சங்கம் என்னும் பெயர் நமக்கு முழுதும் பொருந்தும். அடைக்கலாபுரத்துக் கல்லறை நம்மிடம் வேண்டுவதும் அதுவே.